தறிக்குழிக்குப் பக்கத்தில் மூணு முட்டை

தறி ரூம் சுவத்தோரம் இருக்கிற மல்லிச்செடிக்கு, படவேடு மலைப்பக்கத்துல இருந்து இலை மக்குன மண்ணு கொண்டாந்து போட்டிருந்தோம். நேத்து அதுல வெள்ளையா மூணு முட்டை. தொட்டா மெத்துனு இருந்துச்சு.

"பாம்பு முட்டைதான்"னாரு வீட்டுக்காரர்.

இன்னிக்குக் காலையில ஒண்ணு கிழிஞ்சி கிடக்குது. எலி செத்த மாதிரி நாத்தம்.

அப்ப குட்டி எங்க?

எங்களுது குழித்தறிங்க. இருட்டுக் குழிக்குள்ள காலத் தொங்கவிட்டுதான் மிதிக்கணும். அவரு டார்ச் அடிச்சிகினே நிக்கிறாரு, கால மட்டும் வைக்க மாட்டேங்கிறாரு. கல்யாணப் புடவை பாதியில நிக்குது.

செடி வளக்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டேன். ஒரு டீச்சரம்மா உடனே பதில் போட்டாங்க: "அது காளான் மாதிரி இருக்குங்க. மீதியில ஒண்ண அறுத்துப் பாருங்க."

"நீயே அறு"ன்னாரு இவரு.

அறுத்தேன். உள்ள கொழகொழன்னு ஜெல்லி, நடுவுல வெள்ளையா ஒரு தண்டு. கிழிஞ்சதுக்குப் பக்கத்துல குச்சியால எலைய விலக்கினா, வலைப்பாவாடை கட்டின காளான் ஒண்ணு சாஞ்சி கிடக்குது. தலையெல்லாம் கருப்பா பிசுபிசுப்பு. மொய்க்கிற ஈ. நாத்தமும் அதுதான்.

"ஈ வந்து அதோட வித்த ஒட்டிகினு போய்ப் பரப்பணும்னுதான் அது நாறுது"ன்னு குரூப்ல போட்டாங்க டீச்சரம்மா.

"நான் அப்பவே நெனச்சேன்"னு சொல்லிட்டு இவரு டீ குடிக்கப் போயிட்டாரு.

நான் தறியில உக்காந்தேன். நாலு மிதி மிதிக்கல, கணுக்கால்ல ஏதோ உரசுது. அலறி எழுந்து பாத்தா என் நைட்டி ஓரம்.

காளான்னு எனக்கு நல்லா புரிஞ்சிடுச்சுங்க. என் காலுக்கு யாரு சொல்றது?