லிஃப்ட்காரரின் ஒன்லி

மூடிய கதவில் காதை ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் லிஃப்ட்காரர். மேலேயிருந்து லிஃப்ட் இறங்கி வருகிறது. "அய்யாவுக்கு இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறக்கிறார். எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அவருக்கு அய்யா. சமர்த்தாக ஓடும் மாதங்களில் 'தம்பி'.

மாதம் ஒருமுறை சர்வீஸுக்கு வருவார். ஐம்பதை நெருங்கும் வயது, குட்டையான உருவம். சட்டைப்பையில் இரண்டு துணிகள் இருக்கும். ஒன்று கிரீஸ் துடைக்க. இன்னொன்று ரிப்போர்ட் எழுதும் முன் விரல் துடைக்க. கூடவே மனைவியின் தம்பியும் வருவார். அவர் கம்பெனியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. "மச்சானைச் சேர்த்துவிட்டது நான்தான் சார். வீட்ல ஒரு வார்த்தை சொன்னா தட்ட முடியுமா?"

மொட்டைமாடி மெஷின் ரூமில் அவர் தயங்கி நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதும்போதுதான் பேனா பாதியில் நிற்கும். மூன்றாம் மாடியில் இருக்கும் நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன் என்று தெரிந்ததிலிருந்து என் கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

"கதவு எப்பவும் சிக்குதுன்னா 'டோர் ஆல்வேஸ் ஸ்டிக்ஸ்'. சரி. எப்பவும் அழுக்கா இருக்குன்னா 'டோர் இஸ் ஆல்வேஸ் டர்ட்டி'. அங்க முன்னாடி நின்ன ஆல்வேஸ் இங்க ஏன் சார் பின்னாடி போச்சு?"

"இஸ் வந்தா அதுக்குப் பின்னாடிதான் நிக்கும்."

"அதான் ஏன்?"

"அது அப்படித்தான்" என்றேன். வாரண்டி முடிந்த மோட்டாரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஒருநாள் நாலாம் மாடியில், உள்ளே நுழைந்துகொண்டிருந்த இசை ஆசிரியையின் வலது மணிக்கட்டில் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. எலும்பில் விரிசல். குறுக்கே கை வந்தால் கதவை நிறுத்தவேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை. மூன்று நாளைக்கு முன்புதான் சர்வீஸ் நடந்திருந்தது. கம்பெனி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தது. அதில் ஒரே வரி: 'ஐ ஒன்லி செக்டு த பிரேக்.' பிரேக்கை மட்டும்தான் பார்த்தேன், வேறெதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் போயிற்று.

அந்தக் கடிதத்தோடு வந்து நின்றார். "நான் அப்படி எழுதவே இல்ல சார். 'நான் மட்டும் பிரேக் பார்த்தேன்'னுதான் எழுதினேன். நான்னா ஐ. மட்டும்னா ஒன்லி. ரெண்டும் பக்கத்துலதானே ஒட்டிக்கிட்டு இருக்கு?"

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்கும் ஒன்லி, முன்னால் இருக்கும் 'நான்' என்பதோடு சேராமல் பின்னால் வருவதைத்தான் சுட்டும் என்றேன். அவர் நினைத்த அர்த்தம் வர, அது வாக்கியத்தின் தலையில் ஏறவேண்டும்.

"பிரேக்கைச் சொல்றதுன்னா பிரேக்குக்குப் பக்கத்துல போயி நிக்க வேண்டியதுதானே?"

"அங்கயும் நிக்கலாம். பேச்சுல பெரும்பாலும் நடுவுலதான் நிக்கும்."

"என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு அவனைப் பாத்துச் சிரிக்குதா?"

ஒரு தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, துண்டுக்கு ஒரு சொல்லாக எழுதிக் கொடுத்தேன். மேஜைமேல் அவற்றை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். நான்தான் அவசரப்பட்டுக் கேட்டேன்: "சரி, பிரேக்கை நீங்க மட்டும் பாத்தீங்க. கதவை யார் பாத்தது?"

விரல் நின்றது. "மச்சான்."

சர்வீஸ் நடந்த அன்று மச்சானின் இரண்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். காதில் போனை வைத்தபடியே கீழிருந்து 'பார்த்தாச்சு அத்தான்' என்று குரல் கொடுத்திருக்கிறார். இவரும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஒன்லியைத் தலைக்கு ஏத்தினா அவன் வேலை காலி. இருக்கிற இடத்துலயே விட்டா நான் வேலை பாக்காதவன். எங்கதான் சார் வைக்கிறது?"

மொழிபெயர்ப்பில் இப்படியொரு கேள்வி எனக்கு வந்ததில்லை. அவர் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். சவரம் செய்யாத முகம். "அந்த அர்த்தத்தையே திரும்பத் திரும்ப யோசிச்சேன். பிரேக்கை மட்டும்தான் பாத்திருக்கேன். அது நெசம்தானே சார்? சீனியர் நான். அவன் பார்த்தாச்சுன்னு சொன்னான். எறங்கிப் போயி ஒரு தடவை பாத்திருக்கணும், பாக்கல." தலையைச் சொறிந்துகொண்டார். "அப்ப நான் எழுதினது தப்பா, சரியா? ஒண்ணும் வெளங்கல போங்க."

விளக்கக் கடிதத்தில் அந்த வரியை அவர் திருத்தவில்லை. கதவு மச்சானின் பொறுப்பு, அதைச் சரிபார்க்காதது தன் தவறு என்று கீழே சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு மாதம் பணியிடைநீக்கம். மச்சானைத் திரும்பவும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். "என் தம்பி பேரை எழுதாம இருக்க முடியலையா?" என்று கேட்ட மனைவி, இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். லிஃப்ட்காரர் நாலாம் மாடிக்குப் படியேறிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஆசிரியை இடது கையாலேயே தேநீர் போட்டுக் கொடுத்தாராம். "எதுக்குக் கொடுத்தாங்கன்னு இன்னும் புரியல சார்."

இப்போது மறுபடி வருகிறார். மெஷின் ரூமில் வேலை முடிகிற நேரம். நாலாம் மாடியிலிருந்து மச்சானின் குரல் கேட்கிறது: "கதவு பார்த்தாச்சு அத்தான்!"

"சரிடா" என்கிறார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்குகிறார். மச்சான் ஒதுங்கி வழிவிடுகிறார். கதவு மூடத் தொடங்குகிறது. லிஃப்ட்காரர் முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு, நடுவில் தன் மணிக்கட்டை நீட்டுகிறார்.