அக்கா ஒட்டிய திருத்தச் சீட்டு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவர்களை ஆசிரியையாக அறிவீர்கள். தம்பியாகிய நான், அவர்களுடைய கடைசி ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நெடுங்காட்டில் நெல் சாகுபடி செய்த குடும்பத்துக்கு அக்கா தலைமகள். அப்பா திடீரென்று காலமானபோது அவர்களுக்குக் கல்லூரியில் கடைசி ஆண்டு. காலையில் நடவு ஆட்களை வயலில் இறக்கிவிட்டு, பஸ் பிடித்துப் போய்ப் பரீட்சை எழுதினார்கள். கோட்டுச்சேரியில் வரலாற்று ஆசிரியை ஆன பிறகும் விடுமுறை நாட்களில் வயல்தான். அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார்கள். தாம் மணம் செய்துகொள்ளவில்லை.

ஓய்வு பெற்றபின், அமெரிக்காவின் எல்லைப் பிரதேசங்கள் மாநிலங்களாகும் முன் எப்படி ஆளப்பட்டன என்று தமிழில் ஒரு நூல் எழுதினார்கள்.

"நாமளும் யூனியன் பிரதேசத்துலதானே இருக்கோம். பிரதேசம்னா என்னன்னு தெரிய வேணாமா?" என்பார்கள்.

நூல் சொல்வது இது: முதலில் மேலிருந்து நியமிக்கப்பட்ட ஓர் ஆளுநரும் மூன்று நீதிபதிகளும். வயது வந்த, அடிமையாக இல்லாத சுதந்திர ஆண்கள் ஐயாயிரம் பேர் சேர்ந்ததும் ஒரு சபை. சுதந்திர மக்கள் அறுபதாயிரம் ஆனால் மாநிலம். அதுவரை மைய அவைக்கு அனுப்பப்படும் பிரதிநிதி பேசலாம், ஓட்டுப் போட முடியாது. இதற்கெல்லாம் இடம் வேண்டி விரட்டப்பட்ட பூர்வகுடிகளுக்கும் தனி அத்தியாயம் எழுதினார்கள்.

நூல் அச்சாகி வந்த வாரத்தில்தான் புற்றுநோய் தெரிந்தது. படுத்தபடியே அதைப் படித்தபோது அக்கா ஒரு பிழையைக் கண்டார்கள். குடியேறியவர்கள் அனைவரும் வாக்களித்ததாக ஒரு வரி.

"யாரு அக்கா இதெல்லாம் பாக்கப் போறா?" என்றார் அண்ணன்.

"நான் பாத்துட்டேனே."

திருத்தச் சீட்டு அச்சடித்து, வீட்டில் இருந்த ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். 'நிலம் வைத்திருந்த ஆண்கள் மட்டுமே வாக்களித்தனர்' என்றது சீட்டு. அதை ஒட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா பாடுபட்டுக் காத்த நிலம் அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. அவர்கள் பெயரில் ஒரு குழி நிலம்கூட இல்லை.

"அக்கா, நம்ம நெலத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"பசைய இப்புடித் தள்ளுடா, காஞ்சிரும்" என்றார்கள். மீண்டும் அதைப் பேச எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு பிரதி மட்டும் முன்பே திருமலைராயன்பட்டினத்து ஆசிரியர் ஒருவரிடம் போயிருந்தது. அக்கா ஆட்டோவில் கிளம்பினார்கள்.

"போன்ல சொல்லிருந்தா நானே திருத்திருப்பேனே. இந்த ஒடம்போட ஏம்மா வந்தீங்க?" என்றார் அவர்.

"தப்பு எழுதுனது நான்தானே, தம்பி" என்று தம் கையாலேயே ஒட்டிவிட்டு வந்தார்கள். அதன்பின் அவர்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

கடைசி நாட்களில் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்த செவிலியருக்கும், சீட்டு ஒட்ட வந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அந்த நூல் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சீட்டு கோணலாக இருந்தால், அது நான் ஒட்டியது.