தாங்கிவிட்ட தையல்

ஈஜிபுராவில் ஒரே கேட்டுக்குள் ஏழு வீடுகள். இப்படிச் சேர்ந்திருக்கும் வீடுகளை இங்கே வட்டாரம் என்போம். எங்கள் வட்டாரத்துக்கே ஒரு தையல் மெஷின்தான், அது பாஞ்சாலியுடையது. துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கலரைப் பார்க்க மாட்டாள், விலை கேட்க மாட்டாள். இரண்டு விரலால் தடிப்பை நிமிண்டிப் பார்த்துவிட்டு, பிஸ்கட் டப்பாவைக் குடைந்து அதற்கேற்ற காலை எடுத்து மாட்டுவாள். ஊசிக்கு அடியில் துணியை அமுக்கிப் பிடிக்கிறதே, அந்தக் கால். பிரஷர் புட் என்பாள்.

மெஷின் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். அவள் புருஷன் நாகேஷுக்குப் பூப்போட்ட வெள்ளை மெஷின் பிடித்துவிட்டது, அதில் இருபது விதமான தையல் போடலாமாம். இவள் ஒரு பழைய ஜீன்ஸைப் பையில் கொண்டுபோயிருந்தாள். ஒவ்வொரு மெஷினிலும் காலைத் தூக்கி, நான்காக மடித்த ஜீன்ஸை அடியில் திணித்துப் பார்த்தாள். கடைக்காரருக்கு எரிச்சல், எனக்கு மானம் போயிற்று. கடைசியில் கனமான கறுப்பு மெஷினைத்தான் எடுத்தாள்.

பாஞ்சாலி கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கிப்போனால் திரும்பி வருகிறவரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாளாம். குழிக்குள் இறங்குகிறவனைக் கட்டவே மாட்டேன் என்றவளுக்கு, உயரத்திலிருந்து இறங்குகிறவன் வாய்த்தான். பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது நாகேஷின் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, தன் பெல்ட்டை அவள் மடியில் போட்டான். இடுப்பையும் இரண்டு தொடையையும் சுற்றிப் பூட்டுகிற பெல்ட். ஆள் தொங்குவதே அதில்தான். ஒரு தொடைப் பட்டையில், மடித்துத் தைத்த இடத்தில் நூல் பிய்ந்திருந்தது.

"நாளைக்கு பெல்லந்தூர்ல புது வேலை. பதினாலு மாடி. பெல்ட் சரியா இருக்கறவன் மட்டும் வான்னுட்டார் கண்ட்ராக்டர். ரெண்டு லைன் ஓட்டிக் குடு."

"புதுசு கேளுங்க."

"கேட்டாச்சு. வேற ஆளப் பாத்துக்கறேன்றார்."

அவள் விவேக் நகரில் பை தைக்கிற ஆம்ப்ரோஸுக்குப் போன் போட்டாள். அவரிடம் தடித்த பட்டை தைக்கிற பெரிய மெஷின் இருக்கிறது. "பை தைப்பேம்மா. ஆள் தொங்கறதுக்குத் தைக்க மாட்டேன். யார் கேட்டாலும் மாட்டேன்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

நாகேஷ் முறைத்துக்கொண்டு நின்றான். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒருவன் நிற்பான். இது அவளுக்கும் தெரியும். பதினெட்டாம் நம்பர் ஊசியை மாட்டினாள். காலை முழுக்கத் தூக்கியும் பட்டை மடிப்பு உள்ளே போகவில்லை, திணித்துத்தான் நுழைத்தாள். கால் இறங்கியது, ஆனால் சமமாக உட்காராமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வேறு காலை மாட்டினாள், அதுவும் அப்படித்தான். முதல் ஊசி உடைந்தது. மோட்டாரை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பி ஒவ்வொரு தையலாகப் போட்டாள். முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

மேல்பக்கம் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. நாகேஷ் சிரித்தேவிட்டான். அவள் திருப்பிப் பார்த்தாள். அடியில் அங்கங்கே நூல் பிடிக்காமல் விட்டுப்போயிருந்தது. பிரித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கதி.

"கால் உக்கார மாட்டேங்குது. ஊசி மேல வர்றப்போ பட்டையும் கூடவே எழும்புது, நூலு சிக்க மாட்டேங்குது."

"சும்மனே பயப்படறே. வா, காட்டறேன்."

மொட்டைமாடிப் படிக்கட்டின் இரும்புக் கம்பியில் கயிற்றைக் கட்டி, பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு தொங்கினான். தரையிலிருந்து ஒரு அடி உயரம் இருக்கும். உடம்பை உலுக்கினான், காலை உதைத்து ஆடினான். எதிர்வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். தையல் தாங்கியது. ஒரு நூல்கூட அசையவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன். எறங்குங்க."

பெல்ட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் பெரிய கத்தரியை எடுத்தாள். தான் தைத்த இடத்தில் வைக்கவில்லை, பட்டைக்கு நடுவிலேயே வைத்தாள். ஒரே வெட்டில் அறுபடுகிற சாமானா அது? பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். அவன் பாய்ந்து வருவதற்குள் இரண்டு தொடைப் பட்டையும் துண்டாகிவிட்டன. அவன் கை ஓங்கினான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தாங்குச்சேடி! உன் கண்ணால பாத்தியே!"

அவன் கேட்டைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே போனான். அப்புறம்தான் அவள் என்னிடம் சொன்னாள். "அறுந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்க்கா. ரெண்டு பேரும் சிரிச்சிட்டுப் போயிருப்போம். தாங்கிடுச்சே, இத நம்பிப் பதினாலு மாடி ஏறிடுவாரேன்னுதான் ஈரக்குலையே நடுங்குச்சு."

அன்றைக்கு அவன் வீட்டில் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை குழாயடியில் நான் குடம் வைத்திருந்தேன். நாகேஷ் வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே அவள் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். கண்ட்ராக்டர் போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டு, பெல்ட் இல்லை என்றான். ஆள் குறைகிறது, பெல்ட் இல்லாவிட்டால் என்ன, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வா, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று அவர் கன்னடத்தில் சத்தம் போட்டார். நாகேஷ் எழுந்து நின்றான். உள்ளே மெஷின் சத்தம் நின்றது. போகப்போகிறான் என்றே நினைத்தேன்.

"மனேலி பிடல்ல சார்" என்றான். வீட்டில் விட மாட்டார்கள் என்று. நாலு பேர் காதில் விழ அப்படிச் சொல்வதற்கு நாண்டுகொண்டு சாகலாம் என்று நினைக்கிற ஆள் அவன்.

அவர் திட்டிக்கொண்டே இருந்தார். அவன் போனை அணைத்துவிட்டான். நேற்று கத்தரியைப் பிடித்தபோதும், அவன் கை ஓங்கியபோதும் அழாத பாஞ்சாலி, மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.