பட்டாளத்து பெல்ட்

என் தங்கை நியாமிஸி ஏரிக்கரையில் பொடிமீன் காயவைத்து விற்பவள். அவள் மீனில் ஒரு பொட்டு மணல் இருக்காது. முவான்ஸா சந்தையில் அவள் கூடை இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் விலை சொல்வார்கள். கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள்.

அவள் புருஷன் மசான்ஜாவின் படகு புயலில் போனது. உடல் ஒதுங்கும்வரை அவள் கரையை விட்டு நகரவில்லை. உகாலிக் களியை உருட்டி வாயில் வைத்தேன், துப்பினாள். தூக்கமும் இல்லை.

"வலது விலா தீயா எரியுதுக்கா" என்றாள். நின்ற அலுப்பு என்று நினைத்தேன்.

அடக்கத்தன்று காலை அவளைக் குளிப்பாட்டினார்கள். மாமியார் கபூலா மேல்துணியை விலக்கினாள். முதுகுத்தண்டிலிருந்து வலது மார்புக்குக் கீழ்வரை பட்டையாகக் கொப்புளங்கள். எங்கள் பக்கம் அக்கிக்குப் பட்டாளத்து பெல்ட் என்று பெயர். எய்ட்ஸ் கண்டவர்களுக்கு அது வந்து பார்த்திருக்கிறோம். அதனால் யாருக்கு வந்தாலும் அந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

"எம்புள்ளய ஏரி கொல்லல" என்றாள் கபூலா. "இவ குடுத்த வியாதியில கை தளர்ந்துதான் துடுப்பு நழுவிருக்கு. இவ கையால அவன்மேல மண்ணு விழக் கூடாது."

"பொண்டாட்டி மண்ணு விழாம எப்படி அத்தை மூடுவீங்க?" என்றேன்.

"ரத்தம் பாத்துட்டு வரட்டும். சுத்தம்னா போடட்டும்."

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "பெல்ட்டோட ரெண்டு முனையும் சேந்தா ஆளு காலி. இவ மண்ணு போடப் போறதில்ல, மண்ணுக்குள்ள போகப் போறா."

"பக்கத்துலயே ஒனக்கும் ஒரு எடம் வெட்டச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எங்கள் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ரத்தத்தில் எதுவும் இல்லை.

"அப்ப இது ஏம்மா வந்துச்சு?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"சின்னதுல நீரம்மை போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"அந்தக் கிருமி நரம்புல தூங்கிட்டே கெடக்கும். ஒடம்புக்குக் காவல் இருக்குல்ல, அதுதான் அத எந்திரிக்க விடாது. இந்த மாதிரி பேரிடி விழுந்து, சோறும் தூக்கமும் போனா காவல் அசந்துரும். இது எந்திரிச்சிரும். முனையெல்லாம் சேராது, பயப்படாதீங்க."

நாங்கள் திரும்பியபோது ஆண்கள் மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கல்லறை மேட்டைத் தட்டி முடித்திருந்தார்கள்.

நியாமிஸி ஒரு பிடி மண் எடுத்து மேட்டின்மேல் வைத்தாள்.

"ரத்தம்?" என்றாள் கபூலா.

"சுத்தம் அத்தை. நர்ஸே சொல்லுச்சு" என்றேன்.

"நர்ஸுக்கு என்ன குடுத்தீங்க?"

கேட்டுக்கொண்டே அந்தப் பிடி மண்ணைச் செருப்பால் தள்ளினாள். என் தங்கை விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொப்புளம் ஆறியது. முனைகள் சேரவில்லை. எரிச்சல் மட்டும் போகவில்லை. கூடையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மீனில் இன்றைக்கும் மணல் கிடையாது. கல்லறைப் பக்கம் கபூலா அவளை இன்னும் விடுவதில்லை.