எழுந்து நிற்கக் கூடாத கல்லூரி

சயாமில் ரயில் பாதை போடப் போய்த் திரும்பியவர்களைத் தேடி, கிள்ளானை அடுத்த காப்பார் பக்கம் போகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அங்கே முதலில் போனது 1943 நடுவில், ஜப்பான்காரர் ஆட்சியில். அப்போது எழுதியிருந்தால் யாராவது தலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எங்கள் பத்திரிகை மூடிக் கிடந்த காலம். பிரிக்பீல்ட்ஸில் பக்கத்து வீட்டு ரயில்வே குமாஸ்தா ஒரு மூட்டை பழைய வேட்டியைக் கொடுத்து, அருளப்பன் என்பவரிடம் சேர்க்கச் சொன்னார். தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்த சின்னக் கல்லூரி ஒன்றின் பிரின்சிபால் அவர். போர் வந்ததும் மாணவர்கள் கலைந்து கல்லூரி மூடப்பட்டது. வேட்டி எதற்கு என்று கேட்டேன். "புண்ணுக்குக் கட்ட" என்றார் குமாஸ்தா.

ரயில் எட்டு மணிக்கு. தோக்கியோ நேரம் என்பதால் எட்டு மணிக்கும் இருட்டு. டிக்கெட் ஒரு டாலர், வாழைமரப் படம் போட்ட ஜப்பான்காரர் நோட்டில். கிள்ளானுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அங்கிருந்து ஏழு மைல் வாடகை சைக்கிள். டியூப் கிடைக்காத காலம், டயருக்குள் கயிற்றைத் திணித்திருந்தார்கள். ஆற்றைக் கடக்கும் இடத்தில் இறங்கி, தொப்பியைக் கழற்றி, காவலுக்கு நின்ற சிப்பாயைக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒருபுறம் ரப்பர், மறுபுறம் தென்னை. நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான பலகைக் கட்டடம். வகுப்பு பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு, காலில் ஆறாத புண்ணோடு தோட்டத்து ஆட்கள் படுத்திருந்தார்கள். சும்மா கிடக்கும் கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொள்ளும் என்பதால் அருளப்பன் முதலில் நாலு பேரைக் கொண்டுவந்து போட்டாராம். பிறகு மற்றவர்கள் தாங்களாகவே வந்தார்கள். மருந்து என்றால் உப்புப் போட்ட வெந்நீரும், கந்தகம் குழைத்த தேங்காய் எண்ணெயும்தான். பார்த்துக்கொண்டவர்கள் சம்பளமில்லாத மூன்று ஆசிரியர்கள்.

நான் மூட்டையை அவிழ்ப்பதற்குள் ராணுவக் கார் ஒன்று வந்து நின்றது. சயாம் ரயில் வேலைக்கு ஆள் தேடி வந்த அதிகாரி. கூடவே தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர். அவர்களைப் பார்த்ததும் ஓர் ஆசிரியர் ஓடிப்போய் மணியடித்தார். பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தால் மணியடிப்பது அந்தக் கல்லூரியின் பழக்கம்.

தோட்டத்து ஆளுக்கு மணி என்றால் விடியற்காலைப் பெரட்டு. ஆள் கணக்கெடுக்க வரிசையில் நின்றாக வேண்டும். படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து கைகட்டி நின்றார்கள். முடியாதவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். கங்காணி சடையன் வீங்கிய காலோடு முன்னால் வந்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணவே தொடங்கிவிட்டார்.

அதிகாரிக்குத் திருப்தி. மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "நிக்க முடியுதுன்னா வேலையும் செய்ய முடியும். காலையில லோரி வரும்."

கார் போனபின் சுவரைப் பிடித்து நின்றவர்கள் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்கள். பேச்சை ஆரம்பித்தது சடையன்தான். "மணி அடிச்சா நிக்காம என்ன பண்றது சார்? முப்பது வருசமா நின்ன காலு."

"காலு அழுகிப்போச்சு. கங்காணி ரோசம் மட்டும் அழுகல" என்றாள் அவர் மனைவி அஞ்சலை.

அருளப்பன் மணி அடித்தவரைத் திட்டவில்லை. எல்லோரையும் படுக்கச் சொன்னார். "வாத்தியார் வந்தா எழுந்து நிக்கணும். இங்க நாங்க சொல்லிக்குடுத்த மொதப் பாடம் அதான். இன்னைக்கு அதை மறக்கக் கத்துக்கணும்" என்றவர், மணிக்கயிற்றை என்னிடம் கொடுத்தார்.

அடித்தேன். பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். மறுபடி படுக்க வைத்து மறுபடி அடித்தேன். பொழுது சாயும்வரை இதே வேலை. கடைசியில் எல்லோரும் அசையாமல் கிடந்தார்கள், சடையனைத் தவிர.

காலையில் லோரி வந்தது. அதிகாரியே நேராகப் போய் மணிக்கயிற்றை இழுத்தார். யாரும் எழவில்லை. சடையனின் முழங்கால் மட்டும் எழுந்திருக்க மடங்கியது. அஞ்சலை சட்டென்று அவர் தொடைமேல் ஏறி உட்கார்ந்து புண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். "ஆடாதய்யா, எண்ணெ கொட்டிரும்."

"நேத்து எல்லாரும் நின்னாங்களே?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நேத்து நின்னதாலதான் இன்னைக்கு முடியல" என்றார் அருளப்பன். பொய்யில்லை. பாதிப்பேருக்குக் கட்டு நனைந்து ரத்தம் கசிந்திருந்தது. கட்டு அவிழ்த்திருந்த புண் ஒன்றை அதிகாரி குனிந்து பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். லோரி காலியாகத் திரும்பியது.

சென்ற வாரம் மறுபடி போய் வந்தேன். சண்டை முடிந்தும் அங்கே வகுப்பு தொடங்கவில்லை. சயாமிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரி. "பசங்க காத்திருக்கலாம், புண்ணு காத்திருக்காது" என்கிறார் அருளப்பன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிள்ளான் வரை ரயில், பிறகு காப்பார் போகும் லோரியில் கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள். பழைய துணி, உப்பு இரண்டும் கொண்டுபோங்கள். கட்டு மாற்றி முடிந்தபின், மத்தியானத்துக்கு மேல் போவது நல்லது. தேடுகிறவரின் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் சொல்லுங்கள். கோலூன்றி நடக்கும் சடையன் உள்ளே கூட்டிப்போவார்.

வாசலில் மணி இன்னும் தொங்குகிறது. அதன் நாக்கைக் கழற்றிவிட்டார்கள். நீங்களும் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் முடியாதவரும் எழுந்துவிடுவார். பெஞ்சு பெஞ்சாகப் போய், குனிந்து முகத்தைப் பாருங்கள்.