ஆளுநரைக் கிழித்து எழுதிய வாரம்

இரண்டாயிரங்களின் நடுவில் ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் அமெரிக்க வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த கட்டுரைத் தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டு மாநில ஆளுநர் ஒருவரின் அரசியல் வாழ்க்கை. ஏழைத் தச்சரின் மகன். சட்டசபைக்குப் போய், காற்றடித்த பக்கம் இரண்டு முறை கட்சி மாறி, குடியேறிகளைப் பிடிக்காதவர்களின் தோளில் ஏறி ஆளுநரானவர். வந்ததும் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அரசியலமைப்பில் நாலு வரியை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டாதவனுக்கு வாக்கு இல்லை. பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலில் வந்த அயர்லாந்துக்காரரை வெளியே நிறுத்தத்தான் அது. கேட்டால், மாநிலத்தின் நன்மைக்காம். மனிதரைக் கிழி கிழியென்று கிழித்தேன். பேராசிரியர் நல்ல புள்ளி போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வாரம் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் நிர்வாகக் கூட்டம். நான் செயலாளர். பாடசாலையைத் தொடங்கி, பன்னிரண்டு வருடமாகப் பொறுப்பாளராக இருந்த அண்ணைக்கு அன்று உணவகத்தில் வேலை, வரவில்லை. ஜேர்மன் ஓரளவு பேசுவார், வாசிக்கத் தெரியாது. ஜேர்மன் வாசிக்கத் தெரிந்தவர்தான் இனிப் பொறுப்பாளராக இருக்கலாம் என்ற விதியை எழுதியது நான். பாடசாலையின் நன்மைக்கு என்றேன். எல்லாரும் கை தூக்கினார்கள். அவரை நீக்கும் கடிதத்தையும் நானே எழுதினேன். நகரசபைக்கும் ஒரு பிரதி போகவேண்டும் என்பதால் ஜேர்மனிலேயே எழுதினேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என் வேலை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, பிரிக்காத உறையை நீட்டினார்.

"பாடசாலை முத்திரை கிடக்கு. என்னவாம் பிள்ளை?"

பிரித்தேன். கீழே என் பெயர். அதையும் அவர் வாசிக்கமாட்டார். வெட்கத்தில் காது சுட்டது. ஆளுநராவது தான் செய்ததை மேடையேறிச் சொன்னார். எனக்கு அந்தத் துணிவும் இல்லை.

"இவ்வளவு காலமும் நீங்கள் செய்ததுக்கு நன்றி எண்டு எழுதியிருக்கினம், அண்ணை."

பொய் இல்லை. கடிதத்தின் முதல் வரி அதுதான். மிச்சத்தை நான் வாசிக்கவில்லை.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கேன் கடிதம்? நேர சொன்னால் காணாதே?" என்று சிரித்தார். கசங்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பிரேம் போட்டுப் பாடசாலையில கொழுவப்போறன். சனிக்கிழமை வெள்ளன வாறன், நீயும் வந்து பிடி, பிள்ளை."

"ஓம் அண்ணை" என்றேன்.