பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவள் மேலேயே போக்குவரத்து வழக்கு என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. காய்கறிக் கடைக்காரர் சிரித்தார், பெட்ரோல் பங்கில் சிரித்தார்கள், பெற்ற மகளே போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு அபராதச் சீட்டுகூட வாங்காத பிரேக்கம்மாவுக்கு மூன்று வாரமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பிரேக்கம்மா என்பது மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவள் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவள் கால் அதை அமுக்கும். வாய் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். திட்டு வாங்காமல் அவளிடம் படித்து லைசென்ஸ் எடுத்தவர் எவருமில்லை. ஆனால் அவள் மாணவர்கள் தேர்வில் தவறுவது அபூர்வம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டேயிருந்தார்கள்.

நடந்தது இதுதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண் ஒருத்திக்கு அன்று ஒன்பதாவது வகுப்பு. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. கார் நிற்கவில்லை. பிரேக்கம்மா அமுக்கினாள், நின்றது, ஆனால் வெள்ளைக் கோட்டை ஒரு அடி தாண்டி. ஓரத்தில் நின்றிருந்த போலீஸ்காரர் சாவகாசமாக நடந்து வந்து சீட்டைக் கிழித்தார். கற்றுக்கொள்கிறவர் செய்யும் தப்புக்குக் கற்றுக்கொடுப்பவர்தான் பொறுப்பாம். இருபது நிமிடம் அவரோடு மல்லுக்கு நின்றாள். அதையும் சீட்டின் கீழே ஒரு வரியாக எழுதிக்கொண்டு போய்விட்டார் மனிதர்.

அபராதம் பெரிதில்லை. குற்றம் பதிவானால் கற்றுக்கொடுக்கும் உரிமம் மூன்று மாதம் முடங்கும் என்பதுதான் பெரிது. மூன்று மாதம் கார் வாசலில் நின்றால் மாணவர்கள் அடுத்த தெருப் பள்ளிக்குப் போவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள்.

"ஒரு அடிதானே தாண்டுச்சு. ஒத்துக்கிட்டு வந்துடேன், மூணு மாசம் ஓய்வா இரு," என்றார் கணவர்.

"செய்யாத தப்பை ஒத்துக்கணுமா? அவ்வளவு ஆசையா இருந்தா நீங்க போய் ஒத்துக்கங்க."

"நான் கார்லயே இல்லையே," என்று முனகிவிட்டு அவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

நீதிமன்றத்துக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டாள். சன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்கவில்லை. "ஒத்துக்கிறதா இருந்தா இந்த வரிசை, பத்து நிமிஷத்துல போயிடலாம். மறுக்கிறதா இருந்தா அந்த பெஞ்சு."

"பெஞ்சுக்கு எத்தனை நிமிஷம்?"

"கூப்பிடுவாங்க."

எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்க ஆளில்லை, சன்னலைச் சாத்திவிட்டான். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை, பக்கத்தில் உட்கார்ந்தவர் இருமும்போதெல்லாம் ஆடியது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒப்புக்கொள்கிறவர்களின் வரிசை மட்டும் விறுவிறுவென்று நகர்ந்தது. என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், மானங்கெட்டவர்கள் என்று மனதுக்குள் கரித்துக் கொட்டினாள்.

மருந்துக்கடைக்காரியும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அரை நாள் லீவு போட்டுத் தானாக வந்திருக்கிறாள்.

"நீ எதுக்கு வந்தே? வேடிக்கை பாக்கவா?"

"இல்ல மேடம். சும்மா, துணைக்கு."

"உன்னாலதான் இங்க உக்காந்திருக்கேன். இதுல துணை வேற."

அவள் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள். பெஞ்சு ஆடியது. அதற்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

பிரேக்கம்மாவின் மடியில் ஒரு நோட்டு. அவளிடம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு உண்டு. வகுப்பு முடிந்ததும் எத்தனை மணிக்கு எங்கே என்ன தப்பு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுவாள். ஊரில் வேறு எந்தப் பள்ளியிலும் இப்படிக் கிடையாது. ஓட்டியது யார், நிறுத்தியது யார் என்று அதில் பொட்டில் அடித்த மாதிரி இருக்கிறது. அதைக் காட்டினால் வழக்கு பறந்துவிடும் என்று நம்பினாள்.

பன்னிரண்டு தாண்டித்தான் கூப்பிட்டார்கள். நீதிபதிக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சொல்லுங்கம்மா," என்றார். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்கு அந்தத் தன்மையே எரிச்சலாக இருந்தது.

"நான் ஓட்டலைங்க, ஐயா. கத்துக்கிறவங்க ஓட்டினாங்க. கார் நிக்கலைன்னதும் நான்தான் பிரேக் போட்டு நிறுத்தினேன். நிறுத்தினதுக்குத் தண்டனையா? எல்லாம் இதுல எழுதியிருக்கு, பாருங்க."

அவர் நோட்டை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். இவ்வளவு பொறுமையாக அதை யாரும் படித்ததில்லை. பிரேக்கம்மாவுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

"நாலு பத்து, ரவுண்டானாவுல இண்டிகேட்டர் போடலை. நாலு பன்னிரண்டு, கோட்டுல நிக்கலை, பிரேக் நான் போட்டேன்," என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "நடுவுல ரெண்டு நிமிஷம் இருக்கேம்மா. அப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

பிரேக்கம்மா நோட்டை எட்டிப் பார்த்தாள். மூன்று வாரமாக ஊரே என்னென்னவோ கேட்டது. இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரி எழுந்தாள். "ஐயா, தப்பு என்னோடது. மேடம் தூரத்துலயே பிரேக் போடச் சொல்லிட்டாங்க. நான்தான் காதுல வாங்கலை."

பச்சைப் பொய். பிரேக்கம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அது யார் மேல் என்று அவளுக்கே அந்த நொடியில் தெரியவில்லை.

"உக்காரு. உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு நீதிபதியிடம் திரும்பினாள். "நான் எதுவும் சொல்லலைங்க. இண்டிகேட்டர் போடலைன்னு அந்த ரெண்டு நிமிஷமும் இவளைத் திட்டிட்டு இருந்தேன். இவ மூஞ்சியைப் பாத்துத்தான் திட்டினேன். ரோட்டைப் பாக்கலை."

நீதிபதி நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். அபராதம், மூன்று மாதம். ஒரு தும்மல். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் பிரேக்கம்மா வேகமாகக் காருக்கு நடந்தாள். பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கைக் கதவில் கையை வைத்துவிட்டு, சட்டென்று எடுத்தாள். இன்றிலிருந்து யாருக்கும் அவள் அங்கே உட்கார்ந்து சொல்லித்தர முடியாது. சுற்றிப் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மருந்துக்கடைக்காரி பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்ததும் மடை திறந்துகொண்டது. குமாஸ்தாவில் தொடங்கி, ஆடும் பெஞ்சு, தாழ்ப்பாள் இல்லாத கதவு, அந்தப் போலீஸ்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. "மூக்கைச் சிந்திக்கிட்டே என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டாரு. எல்லாத்துக்கும் காரணம் நீதான். அன்னைக்கு ஒழுங்கா இண்டிகேட்டர் போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? சொல்லு, உன்னைத்தான் கேக்கறேன்," என்று அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

கார் குலுங்கி நின்றது. பெல்ட் தோளை இறுக்கிப் பிடித்தது. பிரேக்கம்மாவின் கால் இன்னும் ஆக்ஸிலரேட்டரில்தான் இருந்தது. எதிரே, பம்பருக்கு ஒரு அடி தள்ளி வெள்ளைக் கோடு. மேலே சிவப்பு விளக்கு.

மருந்துக்கடைக்காரியின் கால் பக்கத்து இருக்கை பிரேக்கின் மேல் அழுந்தியிருந்தது.

"சிவப்பு, மேடம்," என்றாள், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சொல்லும் அதே குரலில்.

பச்சை விழும்வரை பிரேக்கம்மா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.